டால்பின் வயிற்றில் ஆறாத புண்: புற்றுநோய்தானா என்று எப்படி உறுதி செய்வது?

#1 வாளிக்காரன்

வணக்கம். நான் டாக்டர் இல்லை. டால்பின்களுக்குப் பயிற்சி கொடுப்பது என் வேலை, நாள் முழுக்க மீன் வாளியோடு நிற்பவன். எங்களிடம் முப்பது வயதைத் தாண்டிய பெண் டால்பின் இருக்கிறது, பாட்டில்மூக்கு வகை. சில மாதங்களாகச் சாப்பாட்டில் ஏதோ சரியில்லை. சாப்பிடவே மாட்டேன் என்று அடம்பிடிப்பதில்லை. கேப்பலின் மீன் கொடுத்தால் வாங்கிக்கொள்கிறது. கொழுப்பு அதிகமுள்ள ஹெர்ரிங் கொடுத்தால் வாயில் வைத்துப் புரட்டிப் பார்த்துவிட்டு, தலையைச் சாய்த்துத் தண்ணீரில் நழுவவிட்டுவிடுகிறது. சாயங்கால வேளைக்குக் கூப்பிட்டால் வருகிறது, ஆனால் பழைய வேகம் இல்லை. எடை மெல்லக் குறைகிறது. மலமும் சில தடவை கறுத்துப் போயிருந்தது.

எண்டோஸ்கோப்பி செய்து பார்த்ததில் முதல் இரைப்பையில் (டால்பினுக்கு இரைப்பை பல அறைகளாக இருக்கும்) ஒரு புண். அங்கிருந்து துணுக்கு எடுத்து அனுப்பினார்கள். வந்த ரிப்போர்ட்: நாள்பட்ட அழற்சி, புற்றணுக்கள் தென்படவில்லை. அமிலத்தைக் குறைக்கும் ஒமெப்ரசோலும் புண்ணின் மேல் படலமாகப் படியும் சுக்ரால்ஃபேட்டும் கொடுத்தோம், நன்றாகச் சாப்பிட ஆரம்பித்தது. மருந்தை நிறுத்தினோம், பழைய குருடி கதவைத் திறடி.

எங்கள் டாக்டரைக் குறை சொல்ல இங்கே வரவில்லை, அவரும்தான் மண்டையைப் பிய்த்துக்கொண்டிருக்கிறார். அந்த ஒரு ரிப்போர்ட்டை நம்பி இது புற்றுநோய் இல்லை என்று முடிவுகட்டலாமா? இல்லையென்றால் அடுத்து என்ன பார்க்கச் சொல்லிக் கேட்பது?

#2 குடல்வைத்தியன்

நான் மனிதர்களுக்கு இரைப்பை, குடல் பார்க்கிற டாக்டர். டால்பின் என் பேட்டை இல்லை, இருந்தாலும் சொல்கிறேன். மனிதர்களிடம் இரைப்பைப் புண் மருந்துக்கு அடங்கி, நிறுத்தியதும் திரும்பினால், முதல் பயாப்ஸி (துணுக்கெடுத்துப் பார்ப்பது) சுத்தமாக இருந்தாலும் இன்னொரு தடவை உள்ளே போய்ப் பார்ப்போம். ஆறியதைக் கண்ணால் பார்க்கும்வரை விடமாட்டோம். அமில மருந்து புற்றுப்புண்ணைக்கூடக் கொஞ்ச நாள் ஆறியது போலக் காட்டும்.

மலத்தில் மறைந்த இரத்தம் இருக்கிறதா என்று பார்த்தீர்களா? இரத்தத்தில் யூரியா ஏறியிருக்கிறதா? மேல்குடலில் இரத்தம் கசிந்தால் அது ஏறும். சி.இ.ஏ. மாதிரி, புற்றைக் காட்டிக்கொடுக்கும் இரத்தக் குறியீடு ஏதாவது?

#3 நுண்ணோக்கி

குடல்வைத்தியன் சார் சொன்ன முதல் பத்தி அப்படியே டால்பினுக்கும் பொருந்தும். இரண்டாவது பத்தியைச் சோதனைக்கூடத்துக்கு அனுப்பினால் காசுக்குக் கேடு. கடல் பாலூட்டிகளின் திசுக்களை நுண்ணோக்கியில் பார்ப்பது என் தொழில், அதனால் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன்.

மலத்தில் மறைந்த இரத்தம் பார்க்கும் பழைய முறை, இரத்தத்துக்குச் சிவப்பு தரும் ஹீமில் இருக்கும் இரும்பின் வேதிவினையைத்தான் பார்க்கிறது. தினமும் கிலோக்கணக்கில் முழு மீனை, இரத்தமும் செவுளுமாக விழுங்குகிற விலங்குக்கு அந்தச் சோதனை எப்போது செய்தாலும் ‘இருக்கிறது’ என்றுதான் வரும். புதிய முறையோ மனித ஹீமோகுளோபினைப் பிடிக்கச் செய்த ஆன்டிபாடியை வைத்து நடப்பது. டால்பின் இரத்தத்தை அது கண்டுகொள்ளும் என்று நம்ப முடியாது, ‘இல்லை’ என்று வந்தால் அதற்கு அர்த்தமே கிடையாது. யூரியாவும் அப்படித்தான். புரதத்தையே தின்று வாழும் விலங்கு, அதன் சாதாரண அளவே மனிதரை விடப் பல மடங்கு. சி.இ.ஏ. முதலான குறியீடுகள் மனிதருக்காகச் சரிபார்த்தவை, டால்பினில் வரும் எண்ணை எதோடு ஒப்பிடுவது?

இனி பயாப்ஸிக்கு வருவோம். டால்பினின் இரைப்பை ஒரே பை அல்ல. முதல் அறை உணவைச் சேமித்து நசுக்கும் அறை. அதில் சுரப்பிகள் கிடையாது, உட்புறம் உணவுக்குழாய் மாதிரியே தட்டைச் செல்கள் அடுக்கடுக்காய் அமைந்த தடித்த தோல். இரண்டாவது அறையில்தான் அமிலம் சுரக்கிறது, அது பின்வாங்கி முதல் அறைக்கும் வருகிறது. அதற்கு அப்பால் ஒரு குறுகிய இணைப்பு, பிறகு பைலோரிக் அறை, அதன்பின் சிறுகுடலின் தொடக்கமே ஒரு பை போல விரிந்திருக்கும். பிரேதப் பரிசோதனையில் புதிதாகப் பார்ப்பவர்கள் அதையும் இரைப்பை என்று எண்ணிவிடுவார்கள்.

முதல் அறையின் தோல் தடிப்பு என்பதுதான் இங்கே விஷயம். எண்டோஸ்கோப் வழியாகப் போகும் இடுக்கி இரண்டு மூன்று மில்லிமீட்டர் துணுக்கைத்தான் கிள்ளும். அது மேலே இருக்கும் கெரட்டின் என்ற செத்த தோலையும், புண்ணின் நடுவே கிடக்கும் அழுகலையும் அள்ளிக்கொண்டு வரும். எனக்கு வரும் குப்பிகளில் பாதிக்கு, மேல்தோலுக்கு அடியில் இருக்கும் அடித்தளச் சவ்வே இருக்காது. தட்டைச் செல் புற்று அந்தச் சவ்வை உடைத்துக்கொண்டு கீழே இறங்கியிருக்கிறதா என்பதுதான் கேள்வி, அந்தக் கீழ்ப்பகுதியே துணுக்கில் இல்லையென்றால் நான் என்னத்தைப் பார்ப்பது? ‘புற்றணுக்கள் தென்படவில்லை’ என்று எழுதினால், கொடுத்த துணுக்கில் தென்படவில்லை, அவ்வளவுதான்.

எனவே வாளிக்காரன், உங்கள் டாக்டரிடம் கேட்க வேண்டியது இது: எத்தனை துணுக்குகள் எடுத்தார்கள், புண்ணின் நடுவிலா விளிம்பிலா, ரிப்போர்ட்டில் ஆழம் பற்றி ஏதாவது எழுதியிருக்கிறதா?

#4 அலைமாணவி

கால்நடை மருத்துவம் படிக்கிறேன். சின்ன சந்தேகம். திமிங்கல வகைகளுக்குப் புற்றுநோயே வராது என்று எங்கோ படித்த ஞாபகம். செல்கள் எண்ணிக்கை இவ்வளவு இருந்தும் வருவதில்லை, அதில் ஏதோ மரபணு ரகசியம் என்றெல்லாம். அப்படியானால் டால்பினில் இதைச் சந்தேகிப்பதே தேவைதானா?

#5 நுண்ணோக்கி

வராது என்பது தப்பு தங்கச்சி. உடல் எவ்வளவு பெரிதோ அவ்வளவு புற்றுநோய் வரவேண்டும், ஆனால் உயிரினங்களை ஒன்றோடொன்று ஒப்பிட்டால் அப்படி வருவதில்லை என்பதுதான் ரிச்சர்ட் பீட்டோ பெயரில் வழங்கும் முரண். யானைக்குப் புற்றைத் தடுக்கும் டி.பி.53 மரபணுவின் படிகள் ஏராளம், 200 ஆண்டு தாண்டி வாழும் வில்தலைத் திமிங்கலத்தில் டி.என்.ஏ. பழுதுபார்க்கும் ஏற்பாடு வலுவானது. இதெல்லாம் இனத்துக்கு இனம் உள்ள சராசரி. உன் முன்னால் நிற்கும் ஒரு கிழ டால்பினுக்கு அதனால் எந்த உத்தரவாதமும் இல்லை.

கடல் பாலூட்டிகளில் குடல் புற்றுக்கு மிகப் பெரிய உதாரணமே ஒரு திமிங்கலக் கூட்டம்தான். கனடாவின் செயின்ட் லாரன்ஸ் முகத்துவாரத்து பெலுகா என்னும் வெள்ளைத் திமிங்கலங்கள். 1983 முதல் 1999 வரை இறந்து கரையொதுங்கியவற்றில் பரிசோதித்த வளர்ந்த பெலுகாக்களில் 27 சதவீதத்துக்குப் புற்றுநோய். காட்டு விலங்கில் கேள்விப்படாத எண். அதிலும் சிறுகுடலின் முன்பகுதியில் வரும் அடினோகார்சினோமா என்ற சுரப்பிச் செல் புற்றுதான் அதிகம். அருகே ஓடும் சாகனே ஆற்றங்கரை அலுமினிய ஆலைகளிலிருந்து பல ஆண்டுகள் பாலிசைக்ளிக் அரோமேட்டிக் ஹைட்ரோகார்பன்கள் என்ற நஞ்சுகள் கலந்தன. பெலுகா அடிமண்ணைக் கிளறி உறிஞ்சித் தின்னும் விலங்கு, மண்ணோடு நஞ்சும் உள்ளே போனது. பின்னாளில் அவற்றின் குடல் செல்களின் டி.என்.ஏ.விலேயே அந்த வேதிப்பொருள் ஒட்டியிருப்பதைக் காட்டினார்கள். ஆலைக்கழிவு கட்டுப்பட்ட பிறகு, 1971க்குப் பின் பிறந்த பெலுகாக்களில் புற்றுநோய் காணப்படவில்லை.

#6 திறந்தகடல்

இதை எல்லோரும் நாசூக்காகச் சுற்றிப் போகிறீர்கள். தொட்டியில் அடைத்துவைத்தால் மன அழுத்தம், மன அழுத்தத்தால் அல்சர், அல்சர் முற்றினால் புற்று. மருந்து தேடுவதை விட்டுவிட்டு அதைக் கடலில் விடுங்கள்.

#7 உப்புத்தண்ணி

திறந்தகடல், அடைத்துவைக்கலாமா என்ற வாதத்துக்குத் தனி இழை போடுங்கள், நானும் வருகிறேன், அநேகமாக உங்கள் பக்கமே நிற்பேன். ஆனால் நீங்கள் போட்ட சங்கிலி அறுந்த சங்கிலி. மேலே சொன்ன பெலுகாக்கள் தொட்டியைப் பார்த்ததே இல்லை. கலிஃபோர்னியக் கடல் சிங்கங்களும் அப்படித்தான். சாசலிட்டோவில் உள்ள கடல் பாலூட்டி மையத்தில் இறந்த வளர்ந்த கடல் சிங்கங்களில் ஏறக்குறைய ஐந்தில் ஒன்றுக்குச் சிறுநீர், இனப்பெருக்கப் பாதையில் புற்று இருந்தது. அதற்கு ஹெர்பிஸ் வகை வைரஸும், உடல் கொழுப்பில் தேங்கிய பி.சி.பி., டி.டி.டி. மாதிரியான நஞ்சுகளும் கூட்டாளிகள். எல்லாம் சுதந்திரமாகத் திரிந்த விலங்குகள். காட்டு டால்பின் வயிற்றிலும் அல்சர் உண்டு, அனிசாகிஸ் புழுக்கள் கொத்தாகத் தலையைப் புதைத்த இடத்தில் புண் விழும்.

தொட்டியில் இருப்பவற்றில் புற்று கண்ணில் படுவதற்கு எளிய காரணம் வயது. நெல்லி என்ற டால்பின் ஃப்ளோரிடாவில் 1953இல் பிறந்து 2014இல் இறந்தது, 61 வயது. காட்டில் பல் தேய்ந்து வேகம் குறைந்த விலங்கு புற்று வளரும்வரை உயிரோடு இருப்பது அரிது. இன்னொன்று, தொட்டியில் இறந்தால் கையோடு பரிசோதனை நடக்கிறது. நடுக்கடலில் இறந்ததை யார் வெட்டிப் பார்த்தார்கள்?

சரி, வாளிக்காரனின் டால்பினுக்கு வருவோம். நான் கடல் விலங்கு மருத்துவர். இரத்தத்தில் நான் முதலில் தேடுவது ஒற்றை எண்ணை அல்ல, சரிவை. ஈ.எஸ்.ஆரும் (சிவப்பணு படியும் வேகம்) ஃபைப்ரினோஜன் என்ற இரத்தப் புரதமும் ஏறியிருந்தால் உள்ளே அழற்சி என்று தெரியும், எங்கே என்று தெரியாது. அல்கலைன் பாஸ்பட்டேஸ் என்ற நொதி இறங்கினால் எனக்குப் பயம் வரும். மனிதரில் அது ஏறினால்தான் கவலைப்படுவார்கள், டால்பினிலும் திமிங்கலத்திலும் அது விழுவதுதான் கெட்ட சகுனம்.

அப்புறம் இரும்பு. இதில் பலர் வழுக்குகிறார்கள். பராமரிப்பில் வளரும் பாட்டில்மூக்கு டால்பின்களில் வயதாக ஆகக் கல்லீரலில் இரும்பு சேர்வது வழக்கமான தொல்லை, சிலவற்றுக்கு இரத்தம் எடுத்தே குறைக்க வேண்டியிருக்கிறது. அப்படிப் பல ஆண்டுகளாக மேலே இருந்த இரும்பு திடீரென்று ‘நார்மல்’ எல்லைக்குள் வந்தால் எல்லோருக்கும் சந்தோஷம். அது சந்தோஷப்பட வேண்டிய விஷயமா என்று யோசிக்கணும். கட்டியோ அழற்சியோ இருந்தால் இரும்பு இறங்கும், கசிந்து இரத்தம் போனாலும் இறங்கும். சோதனைத்தாளில் சிவப்பில் அச்சாகாததால் யாருக்கும் உறைக்காது. உங்கள் டால்பினின் பழைய ஐந்தாறு வருடத் தாள்களை வரிசையாக வைத்துப் பார்க்கச் சொல்லுங்கள். சிவப்பணுக்களின் பருமன் சிறுத்துக்கொண்டே வருகிறதா என்பதையும்.

#8 வாளிக்காரன்

ஆஃபீஸில் உட்கார்ந்து பழைய கோப்புகளை எடுத்தேன். உப்புத்தண்ணி சொன்னது போலவே இருக்கிறது. இரும்பு எப்போதும் மேலே இருந்திருக்கிறது, போன வருடம் பாதிக்குக் கீழ். ‘கல்லீரல் முன்னேற்றம்’ என்று ஓரத்தில் யாரோ எழுதியும் வைத்திருக்கிறார்கள். பாஸ்பட்டேஸ் சறுக்கிக்கொண்டே வருகிறது. சிவப்பணுப் பருமன் லேசாகக் குறைந்திருக்கிறது.

நுண்ணோக்கி கேட்டதற்கு: இரண்டே துணுக்குகள். இரண்டும் புண்ணின் நடுவிலிருந்து. ரிப்போர்ட்டின் கடைசி வரியில் ‘மேலோட்டமான மாதிரி’ என்று இருக்கிறது. அந்த வரியை நான் இன்றைக்குத்தான் படித்தேன்.

#9 குடல்வைத்தியன்

இரண்டு துணுக்கு போதாது, எங்கள் உலகத்தில் சந்தேகத்துக்குரிய புண்ணுக்குக் குறைந்தது ஆறாவது எடுப்போம். உயர்ந்து சுருண்டிருக்கும் விளிம்பைச் சுற்றி நாலு பக்கமும் எடுக்க வேண்டும். மேல்தோல் தடிப்பாக இருந்தால் ஒரே இடத்தில் திரும்பத் திரும்பக் கிள்ளி, முதல் கடியில் விழுந்த குழிக்குள் அடுத்த கடியைப் போட்டு ஆழத்துக்கு இறங்குவோம். மூன்றாவது நான்காவது துணுக்கில்தான் சரக்கு வரும். இரத்தம் கசியும், பொறுமை வேண்டும்.

எனக்கு ஒன்று புரியவில்லை. விழித்திருக்கிற டால்பினுக்குள் குழாயை எப்படி விடுகிறீர்கள்? மூச்சு அடைக்காதா?

#10 வாளிக்காரன்

அது என் ஏரியா. டால்பினின் மூச்சுப்பாதையும் சாப்பாட்டுப் பாதையும் தனித்தனி. குரல்வளை மேலே நீண்டு மூக்குப் பாதைக்குள் செருகி நிற்கும், உணவுக்குழாய் அதன் பக்கவாட்டில் போகும். வாயில் குழாய் இருந்தாலும் தலைமேல் துளையால் மூச்சு விட்டுக்கொண்டே இருக்கும். அதனால் பழக்கிவிட்டால் மயக்க மருந்தே வேண்டாம். குளத்தின் ஓரத்தில் தலையை வைத்து, வாயைத் திறந்து, அசையாமல் இருக்கக் கற்றுக்கொடுப்போம். முதலில் விரல், பிறகு மெல்லிய ரப்பர் குழாய், பிறகு தடித்த குழாய், பிறகு எண்டோஸ்கோப். இது உடம்பு சரியாக இருக்கும்போதே பழக்க வேண்டிய விஷயம். வாய் வலிக்கிற விலங்கு, மீன் மேல் ஆசை போன விலங்கு, எதற்காக உங்களுக்காக வாயைத் திறந்து நிற்கும்? நாங்கள் கொடுக்கிற ஒரே சம்பளம் மீன்தான்.

மனிதருக்குப் போடும் இரைப்பை எண்டோஸ்கோப் ஒரு மீட்டர்தான், இதற்குப் பற்றாது. பெருங்குடல் பார்க்கும் நீளக் குழாயைத்தான் எங்கள் டாக்டர் எடுத்தார். அது முதல் அறைக்குத் தாராளமாகப் போனது, இரண்டாவது அறை வாசலில் திணறியது.

#11 உப்புத்தண்ணி

பைலோரிக் அறையும் அதற்கு அப்பாலும் எண்டோஸ்கோப்புக்குக் கிட்டத்தட்ட எட்டாக்கனி. அங்கேதான் அல்ட்ராசவுண்ட். தோலுக்கு அடியில் இருக்கும் பிளப்பர் கொழுப்பு ஒலியைத் தடுத்துவிடும் என்று பலர் நினைக்கிறார்கள், தடுக்காது, காற்றுதான் எதிரி. நுரையீரலும் குடல் வாயுவும் திரை போட்டுவிடும். விலங்கைத் தண்ணீரில் பக்கவாட்டில் மிதக்கவிட்டு, இடப்பக்கம் கருவியை வையுங்கள், தண்ணீரே ஜெல். முடிந்தால் குழாய் வழியாக வெறும் தண்ணீர் கொடுத்து முதல் அறையை நிரப்பிக்கொள்ளுங்கள், சுவர் பளிச்சென்று தெரியும்.

பார்க்க வேண்டியது சுவரின் தடிப்பு மட்டுமல்ல, அதன் அடுக்குகள். ஆரோக்கியமான சுவரில் கறுப்பும் வெளுப்பும் மாறிமாறி வரும் கோடுகள் தெரியும். அழற்சியில் சுவர் தடித்தாலும் கோடுகள் பெரும்பாலும் நிற்கும். கட்டி வந்த இடத்தில் கோடுகள் கலைந்து ஒரே மங்கல். நிணநீர்க் கட்டியும் (நிணநீர்த் திசுவின் புற்று) அப்படிக் கலைக்கும், அதனால் படத்தை மட்டும் வைத்துப் பெயர் சூட்டாதீர்கள். குடலைத் தாங்கும் குடலிணைச் சவ்வின் நிணநீர் முடிச்சையும் பாருங்கள். டால்பினில் அது இயல்பாகவே பெரிது, அதன் பழைய அளவு கோப்பில் இருந்தால் ஒழியப் பெருத்திருக்கிறதா என்று சொல்ல முடியாது. இங்கேயும் அதே கதைதான், நோய் வருமுன் அளந்து வைத்திருக்க வேண்டும்.

#12 அலைமாணவி

நேராகச் சி.டி. ஸ்கேன் எடுத்துவிட்டால் இந்தத் தலைவலியே இல்லையே? மயக்க மருந்து கொடுத்து, ஒரே மூச்சில் எண்டோஸ்கோப்பியும் முடித்துவிடலாம்.

#13 உப்புத்தண்ணி

சொல்வது சுலபம். டால்பின் மூச்சு விடுவது அதன் இஷ்டம், தூக்கத்தில்கூடப் பாதி மூளை விழித்திருந்து மூச்சைப் பார்த்துக்கொள்ளும். ஆழ்ந்த மயக்கம் கொடுத்தால் மூச்சு நின்றுவிடும். 1955இல் ஃப்ளோரிடாவில் ஆய்வுக்காக மயக்கம் கொடுத்த 5 டால்பின்களும் இறந்தன. பிறகு 1960களில் சாம் ரிட்ஜ்வே என்ற கடல் பாலூட்டி மருத்துவர், டால்பினின் மூச்சுத் தாளத்துக்குத் தகுந்த மாதிரி செயற்கைச் சுவாசம் கொடுத்து, ஹாலோத்தேன் மயக்க வாயுவில் பத்திரமாகச் செய்து காட்டினார். இன்று முடியும், செய்கிறார்கள், ஆனால் பழகிய குழு வேண்டும். மெலிந்த கிழ விலங்கைத் தண்ணீரிலிருந்து வெளியே எடுத்தால் அதன் எடையே அதன் நுரையீரலை அழுத்தும்.

சி.டி.க்கு முழு மயக்கம் எப்போதும் தேவையில்லை, மிடசோலம் மாதிரி லேசான மருந்தில் எடுத்தவர்கள் உண்டு. வளையத்துக்குள் உடம்பு நுழையுமா, மேசை எடை தாங்குமா என்று முதலில் அளந்துகொள்ளுங்கள். நுரையீரலுக்குப் பரவியிருக்கிறதா என்று பார்க்க அதைப் போல வேறொன்று இல்லை. இரைப்பைச் சுவரைப் பொறுத்தவரை நல்ல கையில் இருக்கும் அல்ட்ராசவுண்டே எனக்குப் போதும்.

கடல் சிங்கமாக இருந்தால் என் பதில் வேறு. அதற்கு ஒற்றை இரைப்பை, நாய் மாதிரி. வாயு மயக்கத்தில் குழாய் போட்டுச் செய்துவிடலாம், முக்குளிக்கும்போது போல மூச்சையும் இதயத்துடிப்பையும் அடக்கிக்கொள்ளும் பழக்கத்துக்கு மட்டும் ஜாக்கிரதை. இன்னொன்று, கடல் சிங்கம் சாப்பாட்டை மறுத்தாலே வயிற்றைத் தோண்டாதீர்கள். பின் துடுப்பு தளர்ந்து, வாலடி வீங்கியிருந்தால் மேலே சொன்ன இனப்பெருக்கப் பாதைப் புற்றாக இருக்கும்.

#14 நுண்ணோக்கி

கட்டி மாதிரி தெரிந்து ஏமாற்றுகிறவற்றையும் சொல்லிவிடுகிறேன். காட்டிலிருந்து பிடித்து வந்த டால்பின் என்றால், ஃபோலீட்டர் என்னும் தட்டைப்புழு இரைப்பைச் சுவருக்குள் கூடு கட்டி, மேலே வழவழப்பான முடிச்சாகத் தெரியும். வெளியிலிருந்து பார்த்தால் சுவருக்குள் வளரும் கட்டி என்றுதான் சொல்வீர்கள். பிரவுனினா என்று இன்னொன்று, இரைப்பைத் தோலில் தொங்கும் பேரிக்காய் போல ஒட்டிக்கொண்டு பாலிப் என்ற சதைத்தொங்கல் வேஷம் போடும். தொட்டியில் பிறந்து உறையவைத்த மீனையே தின்று வளர்ந்த விலங்கில் இவற்றுக்கு வாய்ப்பு குறைவு, உறைநிலை புழுக்களைக் கொன்றுவிடும். அங்கே விழுங்கிய பொருளைத்தான் முதலில் சந்தேகிக்க வேண்டும், கையுறை, நாணயம், இலை, பந்துத் துண்டு.

ஹெலிகோபாக்டர் சீட்டோரம் என்ற பாக்டீரியா டால்பின், பெலுகா இரைப்பைகளில் இருக்கிறது, 2002இல் பெயரிட்டார்கள். மனிதருக்கு இரைப்பைப் புற்று தரும் பாக்டீரியாவின் நெருங்கிய உறவு. அல்சருக்கும் அதற்கும் தொடர்பு பேசப்படுகிறது. அதைக் கண்டுபிடித்து மருந்து கொடுப்பது நல்லது. கொடுத்துவிட்டதால் புற்று இல்லையென்று ஆகிவிடாது.

ஆசனவாய்க்கு உள்ளே டால்பினுக்கு டான்சில் உண்டு. ஆமாம், டான்சில்தான். நிணநீர்த் திசு அங்கே கொத்துக் கொத்தாக இருப்பது இயல்பு. குடலின் கடைசிப் பகுதியிலிருந்து துணுக்கெடுத்து அனுப்பும்போது எந்த இடம் என்று எழுதாவிட்டால், கடல் விலங்கு பார்த்துப் பழகாத பத்தாலஜிஸ்ட் நிணநீர்க் கட்டி என்று எழுதிவிடுவார்.

வாயையும் மறக்காதீர்கள். நாக்கின் ஓரத்திலும் அடியிலும் வரும் மருக்கள், அவற்றோடு தொடர்புள்ள பாப்பிலோமா வைரஸ்கள், அவற்றில் சில தட்டைச் செல் புற்றாக மாறுவது எல்லாம் டால்பினில் பதிவாகியிருக்கின்றன. தினமும் வாயைப் பார்க்கும் ஒரே ஆள் பயிற்சியாளர்தான்.

#15 திறந்தகடல்

நான் ஒன்றைக் கேட்கலாமா? சண்டைக்கு இல்லை. இவ்வளவு தோண்டிப் புற்றுநோய்தான் என்று தெரிந்தால் என்ன செய்துவிடப் போகிறீர்கள்? அறுவை சிகிச்சை உண்டா?

#16 உப்புத்தண்ணி

நியாயமான கேள்வி. முதல் இரைப்பையில் பரவிய கட்டி என்றால் குணப்படுத்தும் அறுவை கிட்டத்தட்ட இல்லை. வாயில் சின்னதாக இருக்கும்போதே பிடித்தால் வெட்டியெடுக்கலாம், லேசர், உறையவைத்தல் எல்லாம் உண்டு. வயிற்றில் தெரிந்துகொள்வதன் பலன் வேறு: தேவையில்லாத ஆன்டிபயாட்டிக் சுற்றுகள் நிற்கும், வலிக்கு மருந்து தைரியமாகக் கொடுக்கலாம். அல்சர் என்று நினைத்தால் வலிநிவாரணிகளில் பலவற்றைக் கொடுக்கவே தயங்குவோம். எந்த நாளில் போதும் என்று சொல்வது என்பதற்கும் ஒரு ஆதாரம் கிடைக்கும். ஊகத்தை வைத்து அந்த முடிவை எடுப்பது கொடுமை.

#17 வாளிக்காரன்

தாமதத்துக்கு மன்னிக்கவும். அல்ட்ராசவுண்டில் புண் இருக்கும் பக்கம் சுவர் தடித்து, கோடுகள் கலைந்திருந்தன. மற்ற பக்கம் கோடுகள் தெளிவு. அதைப் பார்த்ததும் டாக்டரே இரண்டாவது எண்டோஸ்கோப்பிக்கு நாள் குறித்தார். காலைச் சாப்பாட்டுக்கு முன் வெறும் வயிற்றில். விளிம்பைச் சுற்றி எடுத்தார், ஒவ்வொரு இடத்திலும் குழிக்குள் குழியாக. நடுவில் இரண்டு முறை தலையை இழுத்துக்கொண்டது, விட்டுவிட்டோம், தானே திரும்பி வந்து தலையை வைத்தது. எந்தக் குப்பி எந்த இடம் என்று படம் போட்டு அனுப்பினோம்.

ரிப்போர்ட் வந்துவிட்டது. மேல் துணுக்குகளில் பழையபடி அழற்சி. ஆழத்துத் துணுக்குகளில் தட்டைச் செல் புற்று, தசை வரை இறங்கியது.

#18 குடல்வைத்தியன்

வருத்தமாக இருக்கிறது. ஆனால் சரியாகச் செய்திருக்கிறீர்கள். அடுத்து நுரையீரலும் கல்லீரலும் பார்த்துவிடுங்கள். இவற்றுக்குப் பித்தப்பையே கிடையாதாமே, நேற்றுதான் படித்தேன். அது காணோம் என்று ஸ்கேனில் யாரும் பதறவேண்டாம்.

#19 நுண்ணோக்கி

வாளிக்காரன், இதை இப்போது எழுதுவது கல்நெஞ்சாகத் தெரியலாம், பிறகு எழுதினால் பயன்படாது. அந்த நாள் வரும்போது ஏற்பாடு தயாராக இருக்கட்டும். டால்பின் உடல் பிளப்பர் போர்த்தியது, இறந்த பிறகும் சூடு உள்ளேயே நிற்கும், குடலின் உட்தோல்தான் முதலில் கரையும். சில மணி நேரம் தாமதித்தால் எந்தக் கட்டி எங்கிருந்து கிளம்பியது என்று சொல்ல முடியாமல் போகும். ஐஸ் வைத்துக் குளிர்வியுங்கள், உறையவைக்காதீர்கள், உறைந்தால் செல்கள் வெடித்துவிடும். திசுவைச் சின்னத் துண்டுகளாக, அதைப்போல் பத்து மடங்கு ஃபார்மலினில் போடுங்கள். கொஞ்சம் தனியாக மிகக் குளிரில் வையுங்கள், வைரஸ் தேட அது வேண்டும். புண்ணோடு நல்ல சுவரும் சேர்ந்து வருகிற மாதிரி வெட்டச் சொல்லுங்கள்.

#20 வாளிக்காரன்

கல்நெஞ்சு இல்லை அக்கா, டாக்டரும் நேற்று அதைத்தான் பேசினார். இப்போது வலிமருந்தில் இருக்கிறது, கேப்பலினும் கணவாயும் சாப்பிடுகிறது, ஹெர்ரிங் கொடுப்பதை நிறுத்திவிட்டோம். கடைசியாக ஒன்று. அதே குளத்தில் இன்னும் சில டால்பின்கள் இருக்கின்றன, இரண்டுக்கு வயது இருபத்தைந்தைத் தாண்டிவிட்டது. அவற்றுக்கும் எண்டோஸ்கோப்பி செய்து துணுக்கு எடுக்கவேண்டும் என்று மேலதிகாரிகள் சொல்கிறார்கள். தேவையா?

#21 உப்புத்தண்ணி

துணுக்கு வேண்டாம். புண்ணே இல்லாத வயிற்றில் இடுக்கி போட்டு ஒரு புண்ணை உண்டாக்குவானேன். ஒருதரம் எண்டோஸ்கோப்பில் எட்டிப் பார்த்துப் படம் பிடித்துக்கொள்ளுங்கள். அல்ட்ராசவுண்டில் இரைப்பைச் சுவரையும் அந்த நிணநீர் முடிச்சையும் அளந்து தேதியோடு எழுதி வையுங்கள், இரும்பும் பாஸ்பட்டேஸும் ஒரே சோதனைக்கூடத்தில் எடுங்கள், கூடம் மாறினால் சரிவு தெரியாது. வாயைத் திறந்து நிற்கும் பயிற்சியை இந்த வாரமே ஆரம்பித்துவிடுங்கள். வயதான அந்த இரண்டிலிருந்து தொடங்குங்கள்.